நட்சத்திரக்குறி (*): எங்கே என்ன பொருள், எப்படிப் படிப்பது, எங்கே சறுக்கும்

சோமனூர், பல்லடம் பக்கம் துணி கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: 40*40/132*72. இதை எக்ஸெலில் சமக்குறி போட்டு அடித்தால் 872.73 என்று விடை வரும். கணக்காகப் பார்த்தால் விடை சரிதான். ஆனால் துணிக்கும் அந்த எண்ணுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பாவு (நீளவாக்கு நூல்) 40 கவுன்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண்), ஊடை (குறுக்கு நூல்) 40 கவுன்ட், ஒரு இஞ்சுக்குப் பாவில் 132 இழை, ஊடையில் 72 பிக் (குறுக்கு இழை). அந்த வரி சொல்வது இதைத்தான். அதிலுள்ள நட்சத்திரம் பெருக்கலும் அல்ல, சாய்கோடு வகுத்தலும் அல்ல.

நட்சத்திரக்குறிக்கென்று நிரந்தரமான பொருள் கிடையாது. அது எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, எழுதியவர் எந்தத் தொழிலில் இருக்கிறார் என்ற இரண்டையும் வைத்துத்தான் பொருள் பிடிக்க வேண்டும். பள்ளிக் கணக்கு, காலேஜ் பாடம், எக்ஸெல், போன், கடை விளம்பரம் என்று இந்தக் குறி அதிகம் புழங்கும் இடங்களை வரிசையாகப் பார்ப்போம். ஏ2, கவுன்ட்இஃப் என்று இங்கே தமிழில் எழுதியிருப்பவற்றைக் கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் இடத்தைப் பாருங்கள்

இரண்டு எண்களுக்கோ எழுத்துகளுக்கோ நடுவில் இருந்தால் அது ஒரு செயல். பெருக்கலாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். எழுத்தின் தோளில் மேலே ஏறி நின்றால் அந்தப் பொருளின் மாற்று வடிவம் ஒன்றைக் காட்டுகிறது: இணை, இருமை, உகந்த மதிப்பு போன்றவை. எண்ணுக்கோ சொல்லுக்கோ பின்னால் ஒட்டி நின்றால் 'இதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, கீழே பார்' என்று அர்த்தம். சொல்லுக்கு முன்னால் நின்றால், மொழியியல் புத்தகத்தில் ஒரு பொருள், விண்ணப்பப் படிவத்தில் வேறு பொருள். தனியாகவோ ஒரு சொல்லின் துண்டோடோ தேடும் பெட்டிக்குள் இருந்தால் 'எது வேண்டுமானாலும் இங்கே வரலாம்'.

இந்த ஐந்தில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, அந்தப் பக்கத்திலேயே குறியின் விளக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள். கணக்குப் புத்தகத்தில் 'என வரையறுக்கப்பட்டால்' என்ற வரி, அட்டவணையில் அடிக்குறிப்பு, விளம்பரத்தில் பொடி எழுத்து. விளக்கம் இல்லாத இடத்தில் ஊகிக்காமல் எழுதியவரைக் கேட்பது நல்லது.

மோட்டார் ஸ்டார்ட்டரில் சொல்லும் ஸ்டார்-டெல்டாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது மூன்று சுற்றுகளை ஒரே புள்ளியில் சேர்க்கும் இணைப்பு. படத்தில் மூன்று கிளைகளோடு இருக்கும்.

படி 2: நடுவில் இருந்தால், பெருக்கலா என்று சோதியுங்கள்

பெருக்கலுக்கு × என்ற குறியை 1631-இல் இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட் அச்சில் கொண்டுவந்தார். 1659-இல் சூரிச்சில் வெளிவந்த தன் இயற்கணித நூலில் யோஹான் ரான் நட்சத்திரத்தையே பெருக்கலுக்குப் போட்டார். வகுத்தலுக்கு ÷ என்ற குறி வந்ததும் அதே நூலில்தான். 1698-இல் லைப்னிட்ஸ், × என்பது ஆங்கில எக்ஸ் எழுத்தோடு குழம்புகிறது என்று சொல்லிப் புள்ளியைப் பரிந்துரைத்தார். நட்சத்திரம் அப்போது எடுபடவில்லை. 1957-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஃபார்ட்ரான் மொழி வந்தபோதுதான் அதற்கு மறுவாழ்வு. பஞ்ச் கார்டு இயந்திரத்தில் × கிடையாது, * இருந்தது. இரட்டை நட்சத்திரத்தை அடுக்குக்கு வைத்ததும் ஃபார்ட்ரான்தான். பைத்தானில் இன்றும் 2**3 என்றால் 8. எக்ஸெலில் அடுக்குக்கு ^ குறி.

ஏற்றுமதிக் கார்ட்டன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 60, அகலம் 40, உயரம் 40 சென்டிமீட்டர். கன அளவு 60*40*40 = 96,000 கன செ.மீ., அதாவது 0.096 கன மீட்டர். கூரியர்காரர்கள் வழக்கமாக இதை 5000-ஆல் வகுத்து 19.2 கிலோ என்று 'வால்யூம் வெயிட்' போடுவார்கள். விமான சரக்குக்கு வழக்கமான வகுஎண் 6000. அப்போது 16 கிலோ. பெட்டியின் உண்மையான எடை 12 கிலோதான் என்றாலும், இரண்டில் பெரியதற்குத்தான் பில் வரும்.

இதில் சறுக்கும் இடம் வகுத்தலுக்குப் பின் வரும் நட்சத்திரம். நட்சத்திரத்துக்கும் சாய்கோட்டுக்கும் ஒரே முன்னுரிமை. கணினி இடமிருந்து வலமாகப் போகும். 60*40*40/5000*100 என்றால் முதலில் 19.2 வந்து, பிறகு 100-ஆல் பெருகி 1920 ஆகும். நூறு பெட்டிக்கான எடை வேண்டுமென்றால் இது சரி. கீழே 5000-ஐயும் 100-ஐயும் பெருக்கி அதனால் வகுக்க வேண்டுமென்றால் (5000*100) என்று அடைப்புக்குறி போட்டே ஆக வேண்டும். காகிதத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்து மேலே ஒன்று, கீழே ஒன்று என்று எழுதிப் பழகிய கை, கீபோர்டில் அடைப்புக்குறியை மறந்துவிடும். விலைப்பட்டியலில் வரும் பிழைகளை நோண்டிப் பார்த்தால் பல இந்த வகைதான்.

இன்னொரு சிக்கல் புதிது. பல செயலிகளிலும் ஏஐ சாட் பெட்டிகளிலும் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் வருவது சாய்ந்த எழுத்தாக மாறும், நட்சத்திரங்கள் மறைந்துபோகும். 60*40*40 என்பது திரையில் 604040 என்று தெரியும். முதலில் பார்த்த துணிக் கணக்கு 4040/13272 ஆகிவிடும். படிக்கிறவருக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. தப்பிக்க எளிய வழி, நட்சத்திரத்தின் இரு பக்கமும் இடைவெளி விடுவது: 60 * 40 * 40. அதைவிட நல்லது × போடுவது. விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0215 அடித்தால் × வரும். போனில் குறிகளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும். அச்சுக்குப் போகும் எதிலும் × போடுங்கள், * வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஒற்றை நட்சத்திரம் தடித்த எழுத்துக்கு. இரு முனையிலும் நட்சத்திரம் எழுத்தை ஒட்டி இருக்க வேண்டும். உள்ளே இடைவெளி விட்டால் நட்சத்திரம் அப்படியே நிற்கும், எழுத்து தடிக்காது.

படி 3: 'என வரையறுக்கப்பட்டால்' என்று இருந்தால் பெருக்கலை மறந்துவிடுங்கள்

பிளஸ் டூ கணக்கில் ஈருறுப்புச் செயலி என்ற பாடம் வரும். அங்கே * என்பது வெறும் பெயர். கேள்வி என்ன வரையறை தருகிறதோ அதுதான் பொருள். கூட்டல், கழித்தல், பெருக்கலில் எதுவாக இருந்தாலும் தனக்கென ஒரு குறி வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறி தேவைப்பட்டதால் நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

முழுக்களின் (…, −2, −1, 0, 1, 2, …) கணத்தில் அ * ஆ = அ + ஆ + 2 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு பண்பாகச் சோதிப்போம்.

அடைவுப் பண்பு: இரண்டு முழுக்களையும் 2-ஐயும் கூட்டினால் வருவதும் முழுக்களில் ஒன்றுதான். சரி. இதை முதலில் சோதிக்க வேண்டும். இது விழுந்தால் மீதியைத் தொட வேண்டியதே இல்லை.

பரிமாற்றுப் பண்பு: அ + ஆ + 2 என்பதும் ஆ + அ + 2 என்பதும் ஒன்றே.

சேர்ப்புப் பண்பு: (அ * ஆ) * இ = (அ + ஆ + 2) + இ + 2 = அ + ஆ + இ + 4. மறுபக்கமாகச் செய்தாலும் அதே விடை.

சமனி: எந்த எண்ணோடு சேர்ந்தாலும் அந்த எண்ணையே திருப்பித் தருவது. அதைச் ச என்று வைத்தால் அ + ச + 2 = அ, ஆகவே ச = −2. மதிப்பெண் அதிகம் போகும் இடம் இது. பழக்கதோஷத்தில் 0 அல்லது 1 என்று எழுதிவிடுவார்கள். 0 கூட்டலின் சமனி, 1 பெருக்கலின் சமனி; இங்கே இருப்பது இரண்டும் அல்ல.

எதிர்மறை: அ-வோடு சேர்ந்து சமனியைத் தர வேண்டும். அ + எ + 2 = −2, ஆகவே எ = −4 − அ. 5-க்கு −9. சரிபார்க்க: 5 − 9 + 2 = −2.

இதே வரையறையை இயல் எண்களின் கணத்தில் கொடுத்தால் சமனி இல்லை, ஏனென்றால் −2 அந்தக் கணத்திலேயே இல்லை. கேள்வியில் எந்தக் கணம் என்று பார்க்காமல் விடை எழுதக் கூடாது.

சேர்ப்புப் பண்பு விழுகிற உதாரணம் ஒன்றை நினைவில் வைத்திருப்பது நல்லது: அ * ஆ = (அ + ஆ)/2, அதாவது சராசரி. மஞ்சள் மண்டியில் மூன்று லாட், குவிண்டால் 8, 10, 14 ஆயிரம் ரூபாய்க்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டின் சராசரி 9. அதையும் 14-ஐயும் சேர்த்தால் 11.5. கடைசி இரண்டின் சராசரி 12. 8-ஐ அதோடு சேர்த்தால் 10. உண்மையான சராசரி 10.67. சராசரிக்குச் சராசரி எடுக்கக் கூடாது என்று கணக்குப்பிள்ளை கத்துவதற்கு இதுதான் காரணம். முன்னும் பின்னும் மாற்றினால் விடை மாறாது, ஆனால் அடைப்புக்குறியை நகர்த்தினால் மாறும். இரண்டும் வேறு வேறு பண்பு.

படி 4: இன்ஜினியரிங் பாடத்தில் என்றால் கன்வல்யூஷன்

சிக்னல்ஸ் பாடத்தில் நடுவில் வரும் நட்சத்திரம் கன்வல்யூஷன், அதாவது ஒரு வரிசையைத் திருப்பி, மற்றொன்றின் மேல் நகர்த்தி நகர்த்திப் பெருக்கிக் கூட்டுவது. உறுப்புக்கு உறுப்பு பெருக்கினால் விடை தப்பு. (1, 2, 3) * (4, 5) என்பதை, பல்லுறுப்புக் கோவைகளைப் பெருக்குவதுபோல் செய்யலாம். முதல் வரிசையை 4-ஆல் பெருக்குங்கள்: 4, 8, 12. அடுத்து 5-ஆல் பெருக்கி ஓர் இடம் தள்ளி எழுதுங்கள்: முதல் இடம் காலி, பிறகு 5, 10, 15. நேராகக் கூட்டினால் 4, 13, 22, 15.

சோதிக்க இரண்டு வழி. நீளம் 3 + 2 − 1 = 4 இருக்க வேண்டும். முதல் வரிசையின் கூட்டுத்தொகை 6, இரண்டாவதின் கூட்டுத்தொகை 9, விடையின் கூட்டுத்தொகை 54: பெருக்கினால் பொருந்துகிறது. பரீட்சையில் இந்த இரண்டாவது சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது, பிழையைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். வட்டத்துக்குள் நட்சத்திரம் போட்டிருந்தால் அது சர்குலர் கன்வல்யூஷன். அங்கே நீளக் கணக்கு வேறு.

பைத்தானின் நம்பை நூலகத்தில் இரண்டு வரிசைகளுக்கு நடுவில் * போட்டால் கன்வல்யூஷன் வராது. உறுப்புக்கு உறுப்பு பெருக்கும். 3-உம் 2-உம் என்று நீளம் ஒத்துவராவிட்டால் பிழை சொல்லும். பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே அடிக்கிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

படி 5: மேலே ஏறி நின்றால்

கலப்பெண்ணின் மேல் இருந்தால் இணைக் கலப்பெண். 3 + 4√−1 என்பதன் இணை 3 − 4√−1. இரண்டையும் பெருக்கினால் 25. நம் பள்ளிப் புத்தகத்தில் இதற்குத் தலைக்கோடு போடுவார்கள், இயற்பியலும் இன்ஜினியரிங்கும் நட்சத்திரம் போடும். அணியின் மேல் இருந்தால் கவனம் தேவை. கணிதப் புத்தகத்தில் அது இணை எடுத்து நிரல் நிரை மாற்றிய அணி. இயற்பியல் புத்தகத்தில் அதற்குக் குத்துவாள் குறி († ), நட்சத்திரம் இணைக்கு மட்டும். எண் கணத்தின் மேல் இருந்தால் பெரும்பாலும் பூச்சியம் நீக்கிய கணம். திசையன் வெளியின் மேல் இருந்தால் இருமை வெளி. பொருளாதாரத்திலும் உகப்பாக்கத்திலும் மாறியின் மேல் இருந்தால் உகந்த விடை. வேதியியலில் பை-யின் மேல் இருந்தால் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்; கட்டமைப்பு வாய்பாட்டில் ஒரு கார்பனுக்குப் பக்கத்தில் இருந்தால் அது கைரல் கார்பன். நம் பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளைக்குச் சஜிட்டேரியஸ் ஏ* என்று பெயர். கிளர்வு நிலையில் உள்ள அணுவை நட்சத்திரத்தால் குறிக்கும் வழக்கத்திலிருந்து வந்தது அந்த வால்.

படி 6: ஆய்வு அட்டவணையில் பின்னால் இருந்தால்

வேளாண் ஆய்வு அறிக்கைகளில் மகசூல் எண்களுக்குப் பின்னால் *, ** பார்த்திருப்பீர்கள். வழக்கமாக * என்றால் 5 சதவீத மட்டத்திலும், ** என்றால் 1 சதவீத மட்டத்திலும் முக்கியத்துவம் உண்டு. *** வந்தால் 0.1 சதவீதம். என்எஸ் என்றால் முக்கியத்துவம் இல்லை. இது வழக்கம்தான், சட்டம் இல்லை. ஆகவே அட்டவணையின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

5 சதவீதம் என்றால் என்ன? இரண்டு ரகத்துக்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், மண், தண்ணீர், வெயிலின் ஏற்ற இறக்கத்தால் மட்டும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தெரிய 5 சதவீதத்துக்கும் குறைந்த வாய்ப்பே உண்டு என்று பொருள். 'இந்த ரகம் 95 சதவீதம் நிச்சயம் நல்லது' என்று படிப்பது தவறு.

இரண்டு நட்சத்திரம் வாங்கிய ரகம் ஒரு நட்சத்திர ரகத்தைவிட அதிக மகசூல் தரும் என்றும் நினைத்துவிடக் கூடாது. திரும்பத் திரும்ப நட்ட பாத்திகள் அதிகமாக இருந்தால் சின்ன வித்தியாசத்துக்கும் இரண்டு நட்சத்திரம் விழும். அந்த வித்தியாசம் விதைச் செலவை ஈடுகட்டுமா என்பது தனிக் கணக்கு. அதைப் போடும் முன் அட்டவணையின் அடியில் சிடி (கிரிட்டிகல் டிஃபரன்ஸ்) என்று கொடுத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். இரண்டு ரகங்களின் மகசூல் வித்தியாசம் அந்த எண்ணைத் தாண்டினால்தான் வித்தியாசம் என்றே பேசலாம்.

ஒரே அறிக்கையில் இருபது ஒப்பீடு செய்து ஒன்றுக்கு மட்டும் ஒற்றை நட்சத்திரம் வந்திருந்தால் அதை லேசாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எதிலுமே வித்தியாசம் இல்லாவிட்டாலும், ஒன்றையொன்று சாராத இருபது ஒப்பீட்டில் குறைந்தது ஒன்றுக்காவது நட்சத்திரம் விழும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம்.

படி 7: எக்ஸெலில் தேடும்போது

கொங்கு நாட்டு முகவரிப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இந்த நட்சத்திரம் தினமும் உதவும். மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம் என்று பாதி ஊர்ப் பெயர் பாளையத்தில் முடிகிறது. பி2 முதல் பி500 வரை ஊர்ப் பெயர் இருந்தால், கவுன்ட்இஃப் சூத்திரத்தில் நிபந்தனையாக "*பாளையம்" என்று கொடுங்கள். பாளையத்தில் முடியும் எல்லாம் எண்ணப்படும். நட்சத்திரம் 'எத்தனை எழுத்து வேண்டுமானாலும், ஒன்றும் இல்லாவிட்டாலும்' என்று சொல்கிறது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன பார்க்க வேண்டும்? முதலில், பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கலாம். "மேட்டுப்பாளையம் " என்று ஓர் இடைவெளியோடு இருந்தால் விழாது. ட்ரிம் சூத்திரம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். அடுத்தது, தமிழ் வேற்றுமை உருபு. 'மேட்டுப்பாளையத்தில்' என்று எழுதியிருந்தால் "*பாளையம்*" என்றாலும் கிடைக்காது, "*பாளைய*" என்று வெட்டிக் கொடுக்க வேண்டும். அதேபோல் "ஈரோடு*" என்றால் 'ஈரோட்டில்' விட்டுப்போகும். "ஈரோட*" என்றால் இரண்டும் வரும். கணினிக்குள் டு என்பது ட-வும் உகரக் குறியும் சேர்ந்தது, ஆகவே ட-வரை மட்டும் கொடுத்தால் போதும்.

ஒற்றை எழுத்துக்கான கேள்விக்குறியைத் தமிழில் நம்ப வேண்டாம். நமக்கு 'மே' ஓர் எழுத்து, எக்ஸெலுக்கு இரண்டு. நட்சத்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

"98*" என்று கொடுத்து 98-இல் தொடங்கும் போன் எண்களை எண்ணப் பார்த்தால் பூச்சியம் வரும். இந்த நட்சத்திரம் எழுத்தாகச் சேமித்தவற்றில் மட்டும்தான் வேலை செய்யும், எண்ணாகச் சேமித்தவற்றில் செய்யாது. இஃப் சூத்திரத்தில் ஏ2="*பாளையம்" என்று கொடுத்தாலும் ஆகாது; அங்கே நட்சத்திரம் வெறும் நட்சத்திரம். விலுக்கப்பில், கடைசியில் ஃபால்ஸ் கொடுத்தால் வேலை செய்யும்.

உண்மையான நட்சத்திரத்தையே தேட வேண்டுமானால் முன்னால் ~ போட வேண்டும்: ~*. இதை மறந்ததால் நடக்கும் சேதம்தான் பெரிது. ஒரு பட்டியலில் உள்ள 40*40 எல்லாவற்றையும் 40×40 ஆக்க நினைத்து, 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' பெட்டியில் * என்றும் × என்றும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால், காலியில்லாத ஒவ்வொரு கட்டமும் அழிந்து ஒற்றை × மட்டும் நிற்கும். உடனே கண்ட்ரோல்+இசட் அடித்தால் பிழைக்கும். சேமித்து மூடிவிட்டால் போனதுதான். செய்ய வேண்டிய முறை: அந்த ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுங்கள், ~* கொடுங்கள், முதலில் ஒரே ஒரு கட்டத்தை மாற்றிப் பார்த்துவிட்டு மீதியை மாற்றுங்கள். சூத்திரம் உள்ள கட்டங்கள் அந்தத் தேர்வுக்குள் வரக் கூடாது, இல்லாவிட்டால் அவற்றிலுள்ள பெருக்கல் குறியும் மாட்டிக்கொள்ளும்.

சம்பளப் பட்டியல், செக் அச்சடிப்பவர்களுக்கு ஒன்று. கட்டத்தின் கஸ்டம் ஃபார்மேட்டில் **#,##0.00 என்று கொடுத்தால், 12500 என்பது கட்டம் நிறைய நட்சத்திரங்களோடு ******12,500.00 என்று தெரியும். தொகைக்கு முன்னால் யாரும் ஓர் இலக்கத்தைச் சொருக முடியாது. முதல் நட்சத்திரம் 'அடுத்து வரும் எழுத்தைக் கொண்டு நிரப்பு' என்ற கட்டளை, இரண்டாவது நிரப்ப வேண்டிய எழுத்து. மதிப்பு மாறாததால் கூட்டல் வழக்கம்போல் நடக்கும்.

படி 8: கட்டளைகளில்

லினக்ஸில் கோப்புகளை அழிக்கும்போது *.ஜேபிஜி என்பதற்குப் பதில் நட்சத்திரத்துக்குப் பின் கைதவறி ஓர் இடைவெளி விழுந்தால், அந்த அடைவில் உள்ள கோப்புகள் எல்லாமே போய்விடும். அழிப்பதற்கு முன் அதே வடிவத்தைப் பட்டியலிடும் கட்டளைக்குக் கொடுத்து என்னென்ன வருகிறது என்று பாருங்கள்.

எழுத்துகளின் வடிவத்தைச் சொல்லித் தேடும் ரெகெக்ஸில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) நட்சத்திரத்தின் பொருளே வேறு: 'முன்னால் உள்ள ஒன்று எத்தனை தடவை வேண்டுமானாலும்'. 1956-இல் ஸ்டீபன் கிளீனி வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த குறி. 'எது வேண்டுமானாலும்' என்பதற்கு அங்கே புள்ளியும் நட்சத்திரமும் சேர்ந்து .* என்று வர வேண்டும். தமிழில் பா* என்று கொடுத்தால் ப-வுக்குப் பின் எத்தனை துணைக்காலும் வரலாம் என்று ஆகிவிடும். துணைக்காலே இல்லாத ப-வும் மாட்டும்.

நேரம் வைத்து வேலை செய்யும் கிரான் வரியில் ஐந்து இடம்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. சொட்டுநீர் மோட்டாரைத் தினமும் காலை 6 மணிக்கு ஓட்ட 0 6 * * * என்று எழுத வேண்டும். முதல் பூச்சியத்துக்குப் பதில் நட்சத்திரம் போட்டால், 6:00 முதல் 6:59 வரை நிமிடத்துக்கு ஒன்றாக 60 தடவை கட்டளை போகும். */10 6 * * * என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு.

படி 9: போனில்

டயல் பலகையில் * அழுத்தினால் 941, 1209 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். நட்சத்திரத்தில் தொடங்கிச் சதுரக்குறியில் முடியும் எண் ஒரு கட்டளை. *#06# போட்டால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். பழைய போன் வாங்கும்போது பெட்டியில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். *99# இணையம் இல்லாமல் வங்கிப் பரிவர்த்தனைக்கு.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது கால் ஃபார்வர்டு கட்டளைகளில். யாரோ போன் செய்து, 'உங்க சிம்முல கோளாறுங்க, *401* போட்டு இந்த நம்பரை அடிங்க' என்றால் அடிக்காதீர்கள். அப்படி அடித்தால் உங்களுக்கு வரும் அழைப்பு அவருக்குப் போகும். குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் சேர்ந்து போகும். இந்த மோசடி பெருகியதால் 2024 ஏப்ரல் 15 முதல் இத்தகைய கட்டளை வழி கால் ஃபார்வர்டை நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. உங்கள் போனில் ஏதேனும் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க *#21#. எல்லாவற்றையும் ரத்து செய்ய ##002#.

படி 10: விளம்பரத்தில்

ஆடித் தள்ளுபடிக்குக் கோவை ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் தொங்கும் பேனர்களில் '50%' பெரிதாக இருக்கும், நட்சத்திரம் கடுகளவு இருக்கும். பில் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: "ஏனுங்க, இந்த ஸ்டாருக்கு என்னங்க கண்டிஷன்?" பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும்: குறிப்பிட்ட சரக்குக்கு மட்டும், குறைந்தபட்சத் தொகைக்கு மேல், குறிப்பிட்ட வங்கி அட்டைக்கு மட்டும், ஸ்டாக் இருக்கும் வரை.

2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள்படி, பொறுப்புத்துறப்பு வரி முக்கியத் தகவலை மறைக்கக் கூடாது, பெரிதாகச் சொன்னதற்கு முரணாக இருக்கக் கூடாது, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்தில் '50%' போட்டுவிட்டு நிபந்தனையைப் பொடி ஆங்கிலத்தில் போடுவது இதற்கு ஒத்துவராது. பேனரைப் போட்டோ எடுத்து, பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். விண்ணப்பப் படிவங்களில் வரும் நட்சத்திரத்தில் சூது இல்லை. அந்தக் கட்டத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

மற்றவை

கிரிக்கெட்டில் ரன்னுக்குப் பின் வந்தால் ஆட்டமிழக்கவில்லை: 2004-இல் லாரா 400*, 2010-இல் குவாலியரில் டெண்டுல்கர் 200*. சராசரி போடும்போது ரன் எல்லாவற்றையும் கூட்டி, ஆட்டமிழந்த இன்னிங்ஸால் மட்டும் வகுக்க வேண்டும். 40, 25*, 60, 10*, 30 என்றால் 165-ஐ 3-ஆல் வகுத்து 55; ஐந்தால் வகுத்து 33 என்று சொல்லக் கூடாது. அணிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் * இருந்தால் கேப்டன், † இருந்தால் விக்கெட் கீப்பர்.

மொழியியல் நூலில் சொல்லுக்கு முன் வந்தால், எங்கும் எழுதிக் கிடைக்காத, ஒப்பிட்டு மீட்டுருவாக்கிய வடிவம்: மூலத் திராவிட *கண். வாக்கியத்துக்கு முன் வந்தால் இலக்கணப்படி தவறு: *நான் வந்தான்.

நீங்களே அடிக்குறிப்புப் போடும்போது

நட்சத்திரத்தை நிறுத்தற்குறிக்குப் பின், இடைவெளி விடாமல் போடுங்கள். கீழே விளக்கம் தொடங்கும் இடத்தில் முன்னால் போடுங்கள். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு குறிப்புக்குத்தான் இது சரிப்படும். அதற்கு மேல் போனால் ஆங்கில அச்சு மரபில் *, †, ‡, § என்று வரிசை உண்டு, ஆனால் தமிழ் வாசகருக்கு 1, 2, 3 போடுவதே வசதி. எண்கள் நிறைந்த அட்டவணையில் மட்டும் எண் போடக் கூடாது. 25-க்கு மேல் ஒரு சின்ன 2 போட்டால் வர்க்கம் என்று படித்துவிடுவார்கள். அங்கே நட்சத்திரம்தான். அதையும் வலப்பக்கம் ஒட்டி வைத்து, எண்கள் நேர்கோட்டில் நிற்கும்படி நட்சத்திரத்துக்குத் தனியாக ஒரு சின்ன நெடுவரிசை ஒதுக்குங்கள். எக்ஸெலில் எண்ணோடு சேர்த்து 25* என்று ஒரே கட்டத்தில் அடித்தால் அது எழுத்தாக மாறி, கூட்டுத்தொகையில் சேராமல் சத்தமில்லாமல் விட்டுப்போகும்.